ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு வேலை: பள்ளியும் நிறுவனமும் போடும் ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

மழைக்காகிதம்:

வணக்கம். என் மகனுக்கு 17 வயது, ஆட்டிசம் உண்டு. பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது. அண்மையில் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்று நிறுவனங்களுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம். கைகுலுக்கும் புகைப்படம் ஒன்று, "மாணவர்களின் எதிர்காலத்துக்கு வாசல் திறந்திருக்கிறது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். வகுப்பாசிரியரைக் கேட்டால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள் என்கிறார். தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறோம் என்கிறார்.

மகன் பேசுவான், ஆனால் கேட்டதற்கு மட்டும். பொருள்களை எண் வரிசைப்படி அடுக்கச் சொன்னால் பிசகே இருக்காது. அடுக்கியதை யாராவது கலைத்துவிட்டால் அன்று முழுக்க மனம் ஆறாது. இவனை ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்று நம்பலாமா, அல்லது புகைப்படத்தோடு முடிகிற கதையா? கூட்டத்தில் என்ன கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பலகையும்சுண்ணமும்:

சகோதரி, நான் சிறப்பாசிரியர். இப்படிப்பட்ட சுற்றறிக்கைகளை நிறையவே பார்த்தாயிற்று. முதலில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இறுதியாண்டில் என் மகன் காலையில் எந்தக் கட்டடத்துக்குப் போவான், பள்ளிக்கா நிறுவனத்துக்கா? "பள்ளிக்குத்தான், அவ்வப்போது நிறுவனத்தைச் சுற்றிக் காட்டுவோம்" என்று பதில் வந்தால் அதற்குப் பெயர் சுற்றுலா.

காரணம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு ஓரிடத்தில் கற்ற திறன் இன்னோர் இடத்துக்குத் தானாக வந்துவிடாது. வகுப்பறையில் மாதிரிப் பெட்டிகளை அழகாக அடுக்கிய பையன், உண்மையான கிடங்கின் இரைச்சலிலும் வேறு அளவுப் பெட்டிகளிலும் திகைத்து நின்றுவிடுவான். திறமை போய்விடவில்லை, அந்த இடத்தில் அதை அவன் கற்றதில்லை. "முதலில் பயிற்சி, தயாரான பிறகு வேலை" என்ற பழைய முறையில் பலருக்குத் தயாராகும் நாள் வரவே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடத்தும் தனிப் பட்டறைகளில் பயிற்சி பெறுகிறவர்களாகவே நரைத்துப் போனவர்கள் உண்டு. இதைத் திருப்பிப்போட்டு, முதலில் வேலையிடத்தில் அமர்த்தி அங்கேயே கற்றுக்கொடுக்கும் முறை 1980களில் வலுப்பெற்றது.

பள்ளியும் நிறுவனமும் சேர்ந்து இதைச் செய்ததற்கு நான் எப்போதும் காட்டுவது புராஜெக்ட் சர்ச் (Project SEARCH) என்ற திட்டம். 1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கியது. அவசரப் பிரிவின் பொறுப்பில் இருந்த எரின் ரீல் என்ற செவிலியருக்கு ஒரு நடைமுறைத் தலைவலி. மருத்துவப் பொருள்களை எடுத்து நிரப்பி வைக்கும் வேலைக்கு வருகிறவர்கள் நிலைத்து நிற்பதில்லை. வளர்ச்சிக் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு இதை முறையாகக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று யோசித்தார். தொழிற்கல்விப் பள்ளியைச் சேர்ந்த சூசி ரட்கௌஸ்கி கைகொடுத்தார். அந்த மருத்துவமனைக்கு ஆள் உண்மையிலேயே தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். இரக்கத்தில் தொடங்கும் ஒப்பந்தங்கள் மேலாளர் மாறியதும் கிடப்பில் போய்விடும்.

அங்கே மாணவர்கள் பள்ளியின் கடைசி ஆண்டு முழுவதையும் வேலையிடத்திலேயே கழிக்கிறார்கள். கட்டடத்துக்குள் அவர்களுக்கென ஓர் அறை உண்டு. காலையில் சிறிது நேரம் அங்கே பாடம். பிறகு துறைகளுக்குப் போய்விட வேண்டும். ஒரு துறையில் ஏறத்தாழ பத்து வாரம், ஆண்டுக்குள் மூன்று துறைகள். பள்ளியின் ஆசிரியரும், வேலையிடத்தில் கூடவே இருந்து வேலையைக் கற்றுக்கொடுக்கும் ஜாப் கோச்சும் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். முடிவில் எதை வெற்றி என்று கணக்கெழுதுகிறார்கள் தெரியுமா? பருவகால வேலையாக இருக்கக் கூடாது. மற்ற ஊழியர்களோடு சேர்ந்து செய்வதாக இருக்க வேண்டும். அந்த வேலைக்கு எல்லோருக்கும் கொடுக்கும் ஊதியம் வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 16 மணி நேரம் வேண்டும். சான்றிதழ் இந்தக் கணக்கில் வராது.

சந்தேகப்பிராணி:

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடத்துகிறவர்கள் சொன்னால் எல்லாத் திட்டமும் வெற்றிதான். இந்தத் திட்டம் இல்லாமலே வேலை கிடைத்திருக்கக்கூடிய பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு "பாருங்கள் எங்கள் சாதனை" என்று சொல்லவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஏட்டுச்சுரை:

நியாயமான சந்தேகம், ஆனால் விடை இருக்கிறது. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் பால் வேமன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில் 18 முதல் 21 வயது வரையிலான ஆட்டிசம் உள்ள மாணவர்கள் கலந்துகொண்டார்கள். யார் திட்டத்தில் சேர்வது என்பதை நடத்துகிறவர்கள் பொறுக்கி எடுக்கவில்லை. குலுக்கல் முறையில் பிரித்தார்கள். திட்டத்தில் சேர்ந்த 24 பேரில் 21 பேருக்கு வேலை கிடைத்தது. வழக்கமான பள்ளிச் சேவை மட்டும் பெற்ற 16 பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே நடந்தது வெறும் புராஜெக்ட் சர்ச் அல்ல. ஆட்டிசத்துக்கென்று தனியான ஆதரவுகளைச் சேர்த்திருந்தார்கள்: படம் போட்ட கால அட்டவணை, நடத்தை சார்ந்த உதவி, துறை ஊழியர்களுக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி. அவற்றை நீக்கிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. வேலை கிடைத்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு முடிவு: அந்த மாணவர்களுக்கு அன்றாட வாழ்க்கையில் தேவைப்பட்ட உதவியின் அளவும் குறைந்தது.

இப்படி ஏதும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? டிரெக்செல் பல்கலைக்கழகத்தின் 2015 அறிக்கையின்படி அமெரிக்காவில் பள்ளியை விட்டு இருபதுகளின் தொடக்கத்துக்குள் ஒருமுறையேனும் ஊதியத்துக்கு வேலை பார்த்தவர்கள் ஆட்டிசம் உள்ள இளைஞர்களில் 58 சதவீதம். ஒருமுறையேனும் என்பதை அழுத்தி வாசிக்கவும்.

சந்தேகப்பிராணி:

மொத்தம் 40 பேர்தான் என்றாலும் 21க்கும் 1க்கும் உள்ள இடைவெளி தற்செயலாக வராது. சரி. ஆனால் மருத்துவமனை என்றால் சலவை, ஆவணம், கிருமிநீக்கம், பொருள் கிடங்கு என்று துறைக்குப் பஞ்சமில்லை. இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் இதை எப்படிச் செய்வது?

கிடங்குக்காரன்:

நான் பேசலாம் என்று நினைக்கிறேன். ஒரு மொத்த விநியோக நிறுவனத்தில் கிடங்குப் பொறுப்பாளர். எங்களிடம் ஒரு பள்ளியிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். மனிதவளத் துறை போட்ட ஒப்பந்தம்தான். ஆனால் அதை நடத்துவது மனிதவளத் துறை அல்ல, நானும் என் ஷிப்ட் மேற்பார்வையாளரும். பள்ளிகள் இதைப் புரிந்துகொள்வதே இல்லை. இயக்குநரோடு தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மாணவன் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

முதலில் வந்த பள்ளி "உங்களிடம் என்ன காலியிடம் இருக்கிறது?" என்று கேட்டது. காலியிடம் இருந்தது, ஆனால் அதில் லோடு இறக்குவது, வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசுவது, கணினியில் பதிவது எல்லாம் ஒருவரே செய்ய வேண்டும். எந்த மாணவனும் அதில் பொருந்தவில்லை. அடுத்து வந்த ஆசிரியை எதுவும் கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சில நாள்கள் ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனித்தார். பிறகு என்னிடம் வந்து, "உங்கள் ஆட்கள் எல்லோரும் தள்ளிப்போடும் வேலை ஒன்று இருக்கிறது" என்றார். திரும்பி வந்த சரக்கைப் பிரித்துப் பார்ப்பது. தொகுதி எண், காலாவதி தேதி, உறையின் நிலை மூன்றையும் ஒப்பிட்டு மூன்று தட்டுகளில் பிரிக்க வேண்டும். அது மூலையில் மலைபோல் குவிந்துகிடக்கும், மாதக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து திட்டிக்கொண்டே முடிப்போம். ஐந்து பேரின் வேலையிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து ஒரு பணியிடமாக்கினார். இருபது பேர் உள்ள இடத்திலும் இப்படித் தள்ளிப்போடும் வேலை இல்லாமலா போகும்?

அந்த மேசைக்கு வந்த இளைஞன் முதல் வாரத்திலேயே ஒரு பெட்டியைத் தனியே வைத்துவிட்டான். வெளிப்பெட்டியில் ஒரு தொகுதி எண், உள்ளே இருந்த அட்டைகளில் வேறொன்று. அதுவரை யாரும் உள்ளே திறந்து பார்த்ததில்லை. சப்ளையரிடம் கேட்டபோது அவர்கள் பக்கத்துக் குழப்பம் என்று தெரிந்தது.

தொல்லையும் வந்தது. மேற்பார்வையாளர் "முடிந்ததும் வேறு ஏதாவது பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். குவியல் முடிந்தது. அவன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். அவர் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு சத்தம் போட்டார். அவன் காதைப் பொத்திக்கொண்டு கழிவறைக்குள் போய்விட்டான். ஆசிரியை மேற்பார்வையாளரைத்தான் உட்கார வைத்துப் பேசினார். "வேறு ஏதாவது" என்றால் எது? மறுநாள் மேசைக்கு மேல் ஒரு பலகை: திரும்பிய சரக்கு முடிந்தால் காலித் தட்டுகளைத் துடை, தட்டுகள் முடிந்தால் லேபிள் சுருளை மாற்று, அதுவும் முடிந்தால் என்னிடம் வந்து "வேலை முடிந்தது" என்று சொல். பிறகு பிரச்சினை இல்லை. வேடிக்கை என்னவென்றால் மற்ற மேசைக்காரர்களும் தங்களுக்கு அப்படி ஒரு பலகை கேட்டார்கள்.

நேர்கோடு:

இந்த இழையில் ஆட்டிசம் உள்ளவர் ஒருவரும் இதுவரை எழுதவில்லை. நான் எழுதுகிறேன். எனக்கு ஆட்டிசம் என்று 26 வயதில்தான் தெரிந்தது. இப்போது வரைபடங்கள் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன்.

கிடங்குக்காரன் ஐயா சொன்னது நன்று. ஆனால் அந்த இளைஞனுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா? திரும்பத் திரும்ப ஒரே வேலை செய்வது எங்கள் எல்லோருக்கும் இன்பம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. எனக்கு அது நரகம். இன்னொருவருக்கு நிம்மதியாக இருக்கலாம். மூன்று துறைகளில் சுற்றவிடும் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். எது பிடிக்கவில்லை என்பதைச் செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். "உனக்கு என்னவாக ஆசை?" என்று ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால், எங்களில் பலரால் அனுபவிக்காத ஒன்றை மனத்தில் ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

நேர்காணல் பற்றியும் சொல்ல வேண்டும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு நான் பிறந்த தேதியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். கண்ணைப் பார்த்துப் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தால் கேள்வி காதில் விழாது. ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுப்பதற்கென்றே டென்மார்க்கில் தோர்கில் சொன்னெ 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்னெ நிறுவனம் நேர்காணலுக்குப் பதிலாக லெகோ ரோபோக்களைக் கட்டி இயக்க வைத்துத் திறனைப் பார்த்தது. மென்பொருள் நிறுவனங்களான எஸ்ஏபி 2013லும் மைக்ரோசாஃப்ட் 2015லும் தொடங்கிய இதுபோன்ற திட்டங்களும் வழக்கமான நேர்காணலை மாற்றின. பள்ளியோடு ஒப்பந்தம் போடும் நிறுவனம் ஓராண்டு எங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த பிறகும் கடைசியில் நேர்காணல் அறையில் உட்கார வைத்தால் அந்த ஓராண்டுக்கு என்ன பொருள்?

இன்னொன்று. பள்ளி வழியாக வரும்போது ஆட்டிசம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு சொல்வது என்ற முடிவு மாணவனுடையது. துறைத் தலைவருக்கு "அருகில் இரைச்சலான இயந்திரம் வேண்டாம், மாற்றங்களை முந்தைய நாளே எழுத்தில் கொடுங்கள்" என்பது தெரிந்தால் போதும். மருத்துவ அறிக்கையின் நகல் எதற்கு?

வாசற்படி:

மேலே வந்த நிறுவனங்களின் பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு ஏக்கமும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. என் மகளுக்கு ஆட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் இருக்கிறது. சொற்கள் மிகக் குறைவு. படம் காட்டிப் பேசுவாள். பத்திரிகைகளில் வருவதெல்லாம் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் மேதைகள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2020 கணக்கெடுப்பில் ஆட்டிசம் உள்ள 8 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 38 சதவீதத்தினருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருந்தது. அவர்களும் வளர்ந்து பெரியவர்களாவார்கள் அல்லவா? எங்கள் பள்ளி நிறுவனங்களிடம் "நன்றாகப் பேசுகிற" மாணவர்களை மட்டுமே அனுப்புகிறது. கேட்டால் "முதல் அணி சொதப்பினால் ஒப்பந்தமே போய்விடும்" என்கிறார்கள். என் மகள் எந்த அணியில் வருவாள்?

பலகையும்சுண்ணமும்:

வாசற்படி அம்மா, அந்தப் பதில் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது, அது பள்ளியின் பயம். நான் கண்டது நேர்மாறு. நிறுவனம் முதல் அணியை வைத்துத்தான் "இந்தப் பிள்ளைகள் இப்படி" என்று மனத்தில் எழுதிக்கொள்கிறது. நன்றாகப் பேசுகிறவர்களை மட்டும் முதலில் அனுப்பினால் அடுத்து வருகிறவர்களுக்குக் கதவு இன்னும் குறுகிவிடும். தொடக்கத்திலேயே கலந்து அனுப்ப வேண்டும், ஆனால் உதவி தேவைக்கு ஏற்ப வேறுபட வேண்டும். உங்கள் மகளுக்குப் படங்களால் ஆன பணி அட்டை, ஒரே ஒரு வேலைத் துண்டு, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று தொடங்கலாம். மூன்றாவது துறைக்கு வரும்போது நேரத்தைக் கூட்டலாம்.

சந்தேகப்பிராணி:

ஓராண்டு சம்பளமில்லாத உழைப்பு பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. திரும்பிய சரக்கின் மலையைக் கரைத்தது ஒரு மாணவன். நிறுவனத்துக்கு லாபம். அவனுக்கு என்ன கிடைத்தது, அனுபவமா? இதன் வரலாறு அழகானதல்ல. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுத் தொழிலாளர் நியாயத் தரச் சட்டத்தின் 14(சி) பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுக்க முதலாளிகளுக்கு அனுமதி தந்தது. "வாய்ப்பு" என்ற பெயரில்தான் அதையும் நியாயப்படுத்தினார்கள்.

கிடங்குக்காரன்:

என்னை முதலாளி வரிசையில் நிறுத்திவிட்டீர்கள், நானும் சம்பளக்காரன்தான் ஐயா. அந்த இளைஞனுக்கு உதவித்தொகை கொடுத்தோம். பயிற்சி முடிந்ததும் மற்றவர்களுக்கு உள்ள அதே ஊதியத்தில் வேலைக்கும் எடுத்தோம். ஆனால் உங்கள் கேள்வி எல்லா நிறுவனத்துக்கும் பொருந்துவதுதான். ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் புதிய மாணவர்களை வைத்து அதே மேசையை ஓட்டிக்கொண்டு, யாரையும் வேலைக்கு எடுக்காமல் இருந்தால் அது பயிற்சி அல்ல, இலவச ஆள்.

ஏட்டுச்சுரை:

அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: மாணவன் வராத நாளில் அந்த வேலை நின்றுபோகிறதா? நின்றுபோனால் அவன் ஊழியர் இடத்தில் இருக்கிறான், ஊதியம் கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்கிறவர் கூடவே இருந்து, வேலை மெதுவாக நடந்து, நிறுவனத்துக்குக் கொஞ்சம் சுமையாகவே இருந்தால்தான் அது பயிற்சி.

மட்டுறுத்துநர்:

நாட்டுக்கு நாடு தொழிலாளர் சட்டம் மாறும். ஊதியம் பற்றிய பதிவுகளில் எந்த நாட்டுச் சட்டம் என்று குறிப்பிடவும். தனி இழை வேண்டுமானால் தொடங்கித் தருகிறேன்.

மழைக்காகிதம்:

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்தது. "எந்தக் கட்டடம்?" என்ற கேள்வியை எழுந்து நின்று கேட்டேன். மேடையில் சிறிது நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நிறுவனங்களில் ஒன்று பள்ளிக்குக் கணினிகள் நன்கொடை கொடுத்திருக்கிறது. வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று ஆண்டுக்கு ஒரு நாள் மாணவர்களை அழைத்துப் போய்க் காட்டும். மூன்றாவது ஓர் ஆவணக் காப்பக நிறுவனம். அது மட்டும்தான் மாணவர்களை உள்ளே உட்கார வைக்கத் தயார், ஆனால் நான்கு பேருக்கு மட்டும், அதுவும் ஆறு வாரம். பள்ளி ஓர் ஆசிரியரை அங்கே அனுப்புமா என்று கேட்டேன். "முதல் வாரம் வருவார்" என்றார்கள். நான்கு பேரில் என் மகன் பெயரும் இருக்கிறது. மகிழ்வதா பயப்படுவதா தெரியவில்லை.

பலகையும்சுண்ணமும்:

ஆவணக் காப்பகமும் எண் வரிசையும் உங்கள் மகனுக்காகவே அமைந்தது போல் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வாரத்தோடு ஆசிரியர் திரும்பிவிடுவது கவலையாக இருக்கிறது. ஜாப் கோச் முதலில் வேலையைத் தானே செய்து கற்கிறார், பிறகு அதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து மாணவனுக்குக் கற்றுக்கொடுக்கிறார், பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குகிறார். முதலில் தோளருகே, பிறகு அறையின் மறுபக்கம், பிறகு அடுத்த அறை, பிறகு வாரத்துக்கு ஒரு முறை. மாணவனின் தேர்ச்சிதான் இந்த வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும், நாள்காட்டி அல்ல. முதல் வாரம் பெரும்பாலும் நன்றாகவே போகும், எல்லோரும் கவனமாக இருப்பார்கள். அலமாரியை இடம் மாற்றுவதும், மேற்பார்வையாளர் விடுப்பில் போவதும், எண் முறையை மாற்றுவதும் மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் வரும். அப்போது அங்கே ஆள் இருக்க வேண்டும்.

பள்ளியிடம் ஆசிரியர் பற்றாக்குறை என்றால், நிறுவனத்தில் ஒரு மூத்த ஊழியரைப் பெயர் சொல்லித் துணையாக நியமிக்கச் சொல்லுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு என்ன என்பதையும் எழுத்தில் கேளுங்கள்: இரண்டாவது துறை உண்டா, காலியிடம் வந்தால் இவர்களை முதலில் பரிசீலிப்பார்களா, எடுக்கவில்லை என்றால் இவன் என்னென்ன செய்தான், எந்த வேகத்தில் செய்தான் என்று எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் தருவார்களா?

நேர்கோடு:

அலமாரி பற்றி ஒன்று. உங்கள் மகன் அடுக்கியதைக் கலைத்தால் துன்பப்படுவான் என்று எழுதியிருந்தீர்கள். காப்பகத்தில் கோப்புகளை எடுத்துப் போகிறவர்கள் கலைக்கத்தான் செய்வார்கள், அதுதான் அங்கே தொழில். எடுத்த கோப்பின் இடத்தில் ஒரு வண்ண அட்டையைச் செருகி, யார் எடுத்தார், எப்போது திரும்பும் என்று எழுதும் வழக்கம் பல காப்பகங்களில் உண்டு. அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அட்டை இருந்தால் "கலைந்துவிட்டது" என்பது "வெளியே போயிருக்கிறது" என்று ஆகிவிடும். எனக்கு அது போதும். உங்கள் மகனுக்குப் போதுமா என்று அவனிடமே கேளுங்கள்.

மழைக்காகிதம்:

கேட்டேன். "அட்டை என்ன நிறம்?" என்றான்.

கிடங்குக்காரன்:

நாளைக்கே அந்தக் காப்பகத்தை அழைத்துக் கேட்டுவிடுங்கள் அம்மா. இயக்குநரிடம் வேண்டாம், அலமாரிக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். மகனையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், ஊழியர்கள் கிளம்பிய பிறகு, கூட்டமில்லாத நேரத்தில்.